பழைய படகு பார்த்த கதை

விவசாயிக்கு எதுக்குப்பா படகு என்று எங்க தெருவில் கேட்காத ஆள் இல்லை. டீக்கடையில் கேட்டார்கள், உரக்கடையில் கேட்டார்கள், கோயில் கணக்குப் பார்க்க உட்கார்ந்த இடத்திலும் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி அலுத்துப் போச்சு. முழுசா ஒரு தடவை இங்க எழுதிடறேன். சம்பாவுக்கு நாற்று விட இன்னும் நாள் இருக்கு. மேட்டூர் தண்ணி எங்க கடைமடைக்கு வந்து சேரவும் நாள் இருக்கு.

எங்க ஊர் பேராவூரணிக்கும் கடலுக்கும் நடுவுல. மொட்டைமாடியில் ஏறி நின்னாலும் கடல் தெரியாது. ஆனா கிழக்கே இருந்து காத்து அடிச்சா உப்பு வாசம் வரும். சைக்கிள்ல முக்கால் மணி நேரம். எங்க அம்மா காலத்துல கடற்கரையிலிருந்து ஒரு அம்மா கருவாட்டுக்கூடையோட வரும். எங்க அம்மா நெல்லை மரக்கால்ல அளந்து போடும், அந்த அம்மா கருவாட்டைக் கையால அள்ளிப் போடும். காசு நடுவுல வராது. அவ்வளவு பக்கத்துல இருந்தும் எங்க வீட்டுல யாரும் கடலுக்குள்ள போனதில்லை. ஆடி அமாவாசைக்குப் போய் முழங்கால் தண்ணியில முங்கிட்டு வருவோம். அதோட சரி.

போன வருஷம் அதே ஆடி அமாவாசை முடிஞ்ச வாரத்துல பெரியவன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். "அப்பா, பைபர் போட்டு ஒன்னு செகண்ட் ஹேண்டுல வாங்கலாமா? லீவுக்கு வரும்போது புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மீன் பிடிக்கப் போகலாம். ஒன்றரை லட்சம் வரைக்கும் நான் அனுப்பறேன், நீங்க பார்த்து வைங்க" என்றான்.

எனக்கும் அவனுக்கும் நடுவுல கொஞ்சம் கதை இருக்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா புயல் கரை ஏறினப்ப எங்க தோப்புல 160 தென்னை. விடிஞ்சு பார்த்தா நின்னது 41. அந்த மாசமே அவன் சொன்னான், "நிலத்தை வித்துட்டு அம்மாவோட சென்னைக்கு வந்துடுங்க" என்று. நான் மாட்டேன் என்றேன். அவன் தப்பா ஒன்னும் சொல்லல, நானும் தப்பா ஒன்னும் சொல்லல. ஆனா அதுலேருந்து போன் பேச்சு "சாப்பிட்டியா, மழை உண்டா" என்ற அளவுக்குச் சுருங்கிப் போச்சு. அப்படி இருந்தவன் அவனா ஒன்னு கேட்கிறான். படகு என்ன, கப்பல் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கல. "சின்னவனுக்கு ஏழு வயசு. குளத்துல இறங்கவே பயப்படுறவன். அவனைக் கொண்டுபோய் கடல்ல விடப் போறீங்களா?" என்று ரெண்டு நாள் பேசல.

கடற்கரையில் எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் சம்மாட்டி அண்ணன். வருஷா வருஷம் எங்ககிட்ட நெல்லு வாங்குற குடும்பம். வயசு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு, இப்ப கடலுக்குப் போறதில்லை, கரையில உட்கார்ந்து வலை பின்னுறார். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார். "தம்பி, மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கியா?" என்றார்.

"போகாம?"

"அங்க என்ன பார்ப்ப?"

"பல்லைப் பார்ப்பேன், மடியைப் பார்ப்பேன். நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பேன்."

"படகுக்கும் அதேதான். தண்ணியில நடக்க விட்டுப் பார்க்காம காசைக் கொடுக்காத."

முதல்ல பார்த்த படகு ஒரு தரகர் மூலமா வந்தது. இருபத்திரெண்டு அடி. நீலமும் வெள்ளையுமா புதுப் பெயிண்டு, பளபளன்னு இருந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா, இதையே முடிச்சிடுங்க" என்று உடனே பதில். சம்மாட்டி அண்ணன் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்து ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்து, அணியத்துலேருந்து ஆரம்பிச்சு ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே வந்தார். டங், டங், டங். பின்பக்கம் வந்ததும் சத்தம் மாறிப் போச்சு. டொப், டொப். வெளஞ்ச பூசணிக்காயும் அழுகின பூசணிக்காயும் தட்டினா எப்படி வித்தியாசம் தெரியுமோ அப்படி.

பைபர் படகு என்றால் முழுசும் பைபர் என்றுதான் நான் நினைச்சிருந்தேன். கண்ணாடி இழைப் பாயை ரெசின் ஊத்தி அடுக்கடுக்கா ஒட்டுறது ஓடு. எஞ்சின் மாட்டுற பின்பலகைக்கு மட்டும் பலம் வேணும் என்று நடுவுல பிளைவுட் வெச்சு ரெண்டு பக்கமும் பைபர் பூசுவார்கள். எஞ்சினை முடுக்க போல்டு ஓட்டை போடுறோம் இல்லையா, அந்த ஓட்டையைச் சரியா அடைக்கலைன்னா அது வழியா தண்ணி உள்ளே போய் பிளைவுட் ஊறிடும். வெளியே ஓடு நல்லா இருக்கும், உள்ளே மரம் சோறு மாதிரி குழைஞ்சு கிடக்கும். அண்ணன் எஞ்சினோட தலையைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். எஞ்சினோட சேர்ந்து பலகையும் மூச்சு விடுற மாதிரி அசைஞ்சது. "கடல்ல போகும்போது எஞ்சின் தனியா, நீ தனியா ஆயிடுவ" என்றார். தரகர் வேற பக்கம் பார்த்தார்.

இன்னொன்னும் அங்கதான் கத்துக்கிட்டேன். படகு முங்காம இருக்க அடியில அடைச்சிருக்கும் போம் அறைகள் இருக்கு. வெடிப்பு வழியா தண்ணி போனா அந்த போம் பஞ்சு மாதிரி ஊறிக் கனக்கும். பெயிண்டு அடிச்சு மறைக்கலாம், கனத்தை மறைக்க முடியாது. இந்த அளவுப் படகை எத்தனை பேர் சேர்ந்து தூக்குவார்கள் என்று கரையில இருக்கிறவங்களுக்குக் கணக்கு இருக்கு. அதுக்கு மேல ரெண்டு ஆள் வேணும் என்றால் உள்ளே தண்ணி நிக்குதுன்னு அர்த்தம்.

ரெண்டாவது படகு நல்ல படகு. ஆனா டீசல் எஞ்சின் வெச்சது. பழைய நெல் மில்லுக்குள்ள போன மாதிரி சத்தம், பக்கத்துல இருக்கிற ஆள்கிட்ட கத்தித்தான் பேசணும். சுத்துற தண்டு வெளியிலேயே ஓடுது. வேஷ்டி மாட்டினா ஆளையே இழுத்துடும். தினம் வலைக்குப் போறவனுக்கு அது லாபம். ரெண்டு சின்னப் புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொல்லிட்டு வந்துட்டோம்.

இதுக்கு நடுவுல மீன்வளத் துறை ஆபீசுக்கும் ஒரு நடை போனேன். கடல்ல மீன் பிடிக்கிற படகு எதுவா இருந்தாலும் 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துல பதிவு இருக்கணும். வாங்கினா பேர் மாத்தணும். எஞ்சின் நம்பரும் பில்லும் ஒத்துப் போகணும். மானியத்துல வாங்கின எஞ்சினா, அதுக்கு என்ன நிபந்தனை என்று கேட்டுக்கணும். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கம் பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான். கூலி வாங்கிக்கிட்டு ஆளேத்தி ஊர் சுத்திக் காட்டுறதுக்கெல்லாம் மீன்பிடி படகு கிடையாது என்பதையும் அங்க சொன்னார்கள்.

மூணாவது படகைப் பத்தித்தான் நான் எழுத நினைச்சது.

அது ஆவணி கடைசி. அந்தக் கரையிலேயே வேற ஒரு தெரு. படகுக்காரருக்கு நாற்பது நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். இருபத்து நாலு அடி, பெயிண்டு வெளிறிப் போய்க் கிடந்தது. அண்ணன் காசால தட்டினார். அணியத்துலேருந்து பின்பலகை வரைக்கும் ஒரே சத்தம், ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் மந்தம். 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். அண்ணன் மூடியைக் கழட்டினதும் முதல்ல கையை வெச்சுப் பார்த்தார், சில்லுன்னு இருந்தது. சில பேர் நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிடுவார்களாம், அப்பத்தான் ஒரே இழுப்புல பிடிக்கும். இது மூணாவது இழுப்புல பிடிச்சது. குளிர்ந்த எஞ்சினுக்கு அது நல்ல கணக்கு. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிக்கும். அது நிக்காம ஒரே சீரா வந்தா, எஞ்சினைக் குளிர வைக்கிற பம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். வந்தது. அடியில கியர் பெட்டி திருகைத் தளர்த்தி ஆயிலை விரல்ல தொட்டுப் பார்த்தார். பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி உள்ளே போயிருக்கு. இது கருப்பா சுத்தமா இருந்தது. விசிறிக்குப் பின்னால நரம்பு சுத்தியிருக்கான்னு பார்த்தார். எஞ்சின் காலோட நீளம் பின்பலகை உயரத்துக்குச் சரியா இருக்கான்னு அளந்தார். கால் குட்டையா இருந்தா அலையில ஏறும்போது விசிறி காத்தைப் பிடிச்சு வெறுமனே கத்துமாம்.

அப்புறம் கடலுக்குள்ள ஒரு சுத்து போனோம். அம்பது வயசுக்கு மேல முதல் தடவையா கரை சின்னதாகிறதைப் பார்த்தேன். எங்க பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, சேறும் புல்லுமா ரொம்ப தூரம் போகும். ஒரு இடத்துல எஞ்சினைத் தூக்கிட்டுக் கழியால தள்ளினார் படகுக்காரர். பேச்சு ரொம்ப இல்லை. ஆனா படகுல அவர் நடந்த நடை, நான் வரப்புல நடக்கிற மாதிரி இருந்தது. கீழே பார்க்காம நடந்தார்.

கரைக்கு வந்ததும் 1,10,000 என்றார். தரகர் என்னைத் தனியா ஒதுக்கிக் கூட்டிக்கிட்டுப் போய், "வியாபாரிகிட்ட 55,000 நிக்குது. இந்த வாரக் கடைசிக்குள்ள கட்டணும். எழுபது எண்பதுக்கு வந்துடுவார், அவசரப்படாதீங்க" என்றார்.

கடற்கரையில இது பழைய வழக்கம். வலை கிழிஞ்சா, எஞ்சின் போனா, வீட்டுல விசேஷம்னா மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவார்கள். வாங்கினவர் பிடிக்கிற மீனை அவருக்கேதான் போடணும், அவர் சொல்ற விலைக்கு. எங்க பக்கத்துல நெல்லுக்கு முன்பணம் வாங்கிட்டுக் களத்து மேட்டிலேயே அளந்து விடுறவங்க இருக்காங்க இல்லையா, அதே கதைதான்.

நான் என்ன பண்ணினேன் என்று உள்ளதைச் சொல்றேன். பேரம் பேசினேன். பழக்கம் அது. அந்த மந்தமான மூலையைக் காட்டிக் குறைச்சேன், வெளிறின பெயிண்டைக் காட்டிக் குறைச்சேன். நான் எழுந்து போற மாதிரி ரெண்டு தடவை துண்டை உதறித் தோள்ல போட்டேன். 80,000ல வந்து நின்னது. 5,000 அட்வான்ஸ் கொடுத்தேன். அவர் அதை எண்ணல, சட்டைப் பையில வெச்சுக்கிட்டு படகைப் பார்த்துக்கிட்டு நின்னார். சம்மாட்டி அண்ணன் அன்னைக்குத் திரும்பி வரும்போது என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

ராத்திரி தூக்கம் வரல. பதினொரு மணி வாக்குல ரோட்டுல ஒரு பவர் டில்லர் போச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சைலன்சர்ல ஒரு ஓட்டை, தகரத்தைச் சுத்திக் கம்பி கட்டினது நான்தான்.

கஜாவுக்கு அடுத்த மாசம் வித்த டில்லர் அது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே காசு இல்லை, சின்னவளுக்குக் கடைசி வருஷக் காலேஜ் பீஸ் கட்டணும். தொண்ணூறாயிரம் பெறுமான வண்டி. வாங்க வந்தவர் கெட்டவர் இல்லை. நல்லா பேசினார், புயலுக்காக வருத்தப்பட்டார், வீட்டுல மோர் குடிச்சார். ஆனா என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும். ரெண்டு தடவை துண்டை உதறித் தோள்ல போட்டார். 38,000க்குக் கொடுத்தேன். ஏமாத்தினார்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது, நானா வாங்கிக்கிட்ட காசு. ஆனா அந்தச் சத்தம் போகும்போதெல்லாம் இன்னைக்கும் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

"என்னங்க, டில்லர் சத்தமா?" என்றாள் வீட்டுக்காரி இருட்டுக்குள்ள. வேற ஒன்னும் சொல்லல. நானும் சொல்லல.

விடிஞ்சதும் மகனுக்குப் போன் போட்டேன். விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"அப்பா, அவர் ஒத்துக்கிட்டாருல்ல? மார்க்கெட் ரேட் அதுதானே. நாம யாரையும் ஏமாத்தலையே."

"ஏமாத்தல. வாரக் கடைசிக்குள்ள அவருக்குக் காசு வேணும்னு தெரிஞ்சு குறைச்சேன்."

"எல்லா வியாபாரமும் அப்படித்தாம்ப்பா. நீங்க இப்படி இருக்கிறதாலதான்..." என்று ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டான். நிறுத்தின இடத்துல என்ன வரும்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். படகுக்காரர் வீட்டு வாசல்ல வலையை உதறிக்கிட்டிருந்தார். "அட்வான்சைத் திருப்பிக் கேட்க வந்தீங்களாண்ணே?" என்றார். இல்லை, விலையைக் கூட்டித் தர்றேன் என்றேன். அவர் முகம் மாறிப் போச்சு.

"பாவம்னு நெனச்சுத் தர்றதா இருந்தா வேணாண்ணே. பேசினது பேசினதுதான். கணக்குப் பண்ணித் தர்றதா இருந்தா தாங்க."

சரி, கணக்கே பண்ணுவோம் என்று உட்கார்ந்தோம். சம்மாட்டி அண்ணனையும் கூப்பிட்டோம். ஓடு 60,000, எஞ்சின் 45,000, பின்பலகை மூலையைச் சரி பண்ண 5,000 கழிச்சா ஒரு லட்சம். அண்ணன் சொன்ன விலை அது, ரெண்டு பேரும் தலையாட்டினோம். அப்பத்தான் நான் கேட்டேன், "படகைக் கொடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேற படகுல கூலிக்குப் போவேன்."

"நாங்க வருஷத்துக்கு நாலு தடவை போவோம். மிச்ச நாளெல்லாம் இந்தப் படகு என்ன பண்ணும்?"

"கெட்டுப் போகும்" என்றார் அவர், யோசிக்கவே இல்லை. ஓடாத எஞ்சின்ல பெட்ரோல் பிசின் மாதிரி இறுகி கார்ப்பரேட்டரை அடைச்சிடும். உப்புத்தண்ணியில ஓட்டிட்டு நல்ல தண்ணி விட்டுக் கழுவாம வெச்சா உள்ளே உப்பு பூத்து வழியை மூடிடும். வெயில்ல கிடந்து ஓடு வெடிக்கும். கறவை மாட்டைக் கறக்காம விட்டா மடி கட்டிக்கும் இல்லையா, படகும் அப்படித்தான். வாங்குற அன்னைக்கு நாணயத்தால தட்டி, ஆயிலைத் தொட்டு அவ்வளவும் பார்த்தோம். வாங்கின பிறகு யார் பார்த்துப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை.

அன்னைக்கு முடிஞ்ச பேச்சு இதுதான். படகு அவர் பேர்லயே இருக்கும், பதிவும் அவர் பேர்லயே. பாதிப் பங்கு எனக்கு, 50,000. அட்வான்ஸ் போக 45,000 கொடுத்தேன். அவர் அம்பதையும் வியாபாரிகிட்ட கட்டிட்டார், மிச்சம் 5,000 ஒரு மாசத்துல கட்டினார். இப்ப மீனை யார் கூடுதலா கேட்கிறாங்களோ அவங்களுக்குப் போடலாம். எண்ணெய்ச் செலவு போக மிச்சத்தை நாலாப் பிரிச்சு, படகுக்கு ஒன்னு, வலைக்கு ஒன்னு, கடலுக்குப் போற ரெண்டு பேருக்கு ரெண்டு. படகுப் பங்குல பாதி எனக்கு. 3,200 ரூபாய்க்கு மீன் பட்டு 800 எண்ணெய்க்குப் போனா என் பங்கு 300. முத்திரைத்தாள்ல எழுதி, அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எங்க புள்ளைங்க வரும்போது அவரே ஓட்டிக் கூட்டிக்கிட்டுப் போவார், நாங்க பிடிக்கிறது எங்களுக்கு.

மகனுக்குக் கோபம். "படகு வாங்கச் சொன்னா பங்கு போட்டுட்டு வந்திருக்கீங்க. சொந்தமா இருந்தா நெனச்ச நேரம் போகலாம்ல?" என்றான். அதுவும் நியாயம்தான். "நெனச்ச நேரம் போனா யார் ஓட்டுறது, நீயா நானா?" என்று கேட்டேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இடையில ஐப்பசி கார்த்திகை வந்தது, வாடைக்காத்துல பல நாள் படகு கரையிலேயே கிடந்தது. அந்த ரெண்டு மாசமும் எனக்குக் கையில ஒன்னும் வரல. தை பிறந்த பிறகு பரவாயில்லை. இதுவரைக்கும் வந்ததெல்லாம் கூட்டினா போட்ட காசுல பத்துல ஒரு பங்கு தேறும். இதை லாபம்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த மே மாசம் மகனும் மருமகளும் புள்ளைங்களோட வந்தார்கள். லைப் ஜாக்கெட் அஞ்சு வாங்கி வந்திருந்தான். அதுல ஒரு விஷயம், வயசைச் சொல்லி வாங்கக்கூடாது, எடையைச் சொல்லி வாங்கணும். பெரிய ஆள் ஜாக்கெட்டைச் சின்னப் புள்ளைக்கு மாட்டினா தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மேலே வந்துடும், புள்ளை கீழே நழுவிடும். சின்னவனுக்கு மாட்டி, தோள்பட்டையில பிடிச்சுத் தூக்கிப் பார்த்தேன். காதுக்கு மேல போகாம நின்னது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரி சரின்னு சொன்னாள். ஆனா அவள் வரல. கரையில படகுக்காரர் வீட்டம்மாவோட நிழல்ல உட்கார்ந்துக்கிட்டாள்.

விடியற்காலை அஞ்சரைக்குக் கிளம்பினோம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதனால கடல் அமைதியா இருந்தது. நாட்டுப் படகுகள் மட்டும் அங்கங்க. கரை கண்ணுல தெரியிற தூரத்துக்குள்ளேயே நின்னோம். தண்ணி தெளிஞ்ச ஒரு இடத்துல பேத்தி எட்டிப் பார்த்துட்டு, "தாத்தா, கடலுக்குள்ள வயல் இருக்கு!" என்றாள். பார்த்தா நிஜமாவே பச்சைப் பசேல்னு புல். கடல்பசு மேயிற புல் அது என்றார் படகுக்காரர். எங்க தஞ்சாவூர் புதுக்கோட்டைக் கடற்கரைக்கு நேரா 448 சதுர கிலோமீட்டரை 2022ல கடல்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க. பேப்பர்ல படிச்சதுதான், ஆனா அது இந்தப் புல்லுக்காகன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. தன் வாழ்நாள்ல மூணு தடவைதான் கடல்பசுவைப் பார்த்திருக்கேன் என்றார். எங்களுக்குத் தட்டுப்படல.

இறால் துண்டு கோத்துத் தூண்டில் போட்டோம். கிழங்கான் ஏழு, ஓரா ரெண்டு. ஓரா முள் குத்தினா விஷக் கடுப்பு, அதனால அதைக் கழட்டுறதைப் படகுக்காரரே பார்த்துக்கிட்டார். ஏழுல அஞ்சு பேத்தி பிடிச்சது. சின்னவன் ஒரு மணி நேரம் என் கையை விடல. அப்புறம் எப்ப விட்டான்னு எனக்கே தெரியல, பார்த்தா அணியத்துல உட்கார்ந்திருக்கான். மகன் மூணு தடவை வாந்தி எடுத்தான். நான் ரெண்டு தடவை. படகுக்காரர் எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அப்பனும் மகனும் எதிரெதிரே எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மருமகளுக்குச் சிரிப்பு தாங்கல.

பத்து மணிக்குள்ள காத்து மாறும் என்று ஒன்பதரைக்கே படகைத் திருப்பிட்டார். பேத்தி இன்னும் கொஞ்ச நேரம் என்று அழுதாள். மகனும், "தண்ணி அமைதியாத்தானே இருக்கு?" என்றான். அவர் பதில் சொல்லல, எஞ்சினை இழுத்தார். நாங்க கரையில கால் வைக்கும்போது அலை எழும்ப ஆரம்பிச்சிருந்தது. மகன் திரும்பிக் கடலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். ஒன்னும் சொல்லல. அவரோட சேர்ந்து எஞ்சினைக் கழட்டித் தூக்கிக்கிட்டுப் போய், டிரம்முல இருந்த நல்ல தண்ணியில இறக்கிப் பத்து நிமிஷம் ஓட விட்டுக் கழுவுறதை முழுசா நின்னு கத்துக்கிட்டான்.

திரும்பி வரும்போது என் டிவிஎஸ் எக்செல்லை அவன் ஓட்ட, நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். மீன் பை ஹேண்டில்பார்ல தொங்குச்சு. எங்க ஊர் எல்லைக்கிட்ட வரும்போது திரும்பாமலே கேட்டான்.

"அப்பா, அந்த டில்லர் இப்ப யார்கிட்டப்பா இருக்கு?"

சொன்னேன்.

"அதை என்ன விலைக்குக் குடுத்தீங்க?"

அவன்கிட்ட இதுவரைக்கும் நான் சொன்னதில்லை. அன்னைக்குச் சொன்னேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு, "மீன் கெட்டுடும், போகலாம்" என்று மறுபடி கிளப்பினான்.

பூஜை லீவுக்கு மறுபடி வர்றாங்களாம். பேத்தி இப்பவே தூண்டில் முள் சைஸ் கேட்டு எழுதி வெச்சிருக்கு. பின்பலகை மூலையை அதுக்குள்ள சரி பண்ணணும், 5,000 ரூபாயில என் பங்கு 2,500. நாத்து விட்டு முடிச்ச கையோட அந்த வேலையைப் பார்க்கணும்.